காற்றை நம்பி வாழும் கருவிழி: கண் காயங்களுக்கு ஆக்சிஜன் சிகிச்சை

கண்ணின் முன்புறத்தைக் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழிப் படலத்தில் ரத்தக்குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றி உள்ளே புகாது. அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதியை, கண்ணீரில் கரைந்த வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகிறது. கண் திறந்திருக்கையில் படலத்தின் மேல் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 155 மி.மீ. பாதரசம். மூடிவிட்டால் இமையின் உட்புற ரத்தக்குழாய்களே கதி. அழுத்தம் சுமார் 55-க்கு இறங்கிவிடும்.

இதைச் சோதனையில் காட்டியவர்கள் ஜார்ஜ் ஸ்மெல்சர், விக்டோரியா ஒசானிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். இறுக்கமான கண்ணாடிக் கவசத்துக்குள் ஆக்சிஜன் இல்லாத வாயுவைச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் கருவிழி நீர்கோத்து மங்கியது. விளக்குகளைச் சுற்றி வானவில் வளையங்கள் தெரிந்தன. 1952-இல் வெளியான இந்த ஆய்வு, அன்றைய கெட்டி பிளாஸ்டிக் கான்டாக்ட் லென்ஸ்கள் கண்ணை உறுத்தியதற்கான காரணம் ஒன்றையும் விளக்கியது.

மாற்றுவழி பிராகாவிலிருந்து வந்தது. வேதியியலாளர் ஓட்டோ விஃக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு கருவி செய்து மென்லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அவற்றின் வழியே ஆக்சிஜன் ஓரளவு கடந்தது. ஆனால் தூங்கும்போதும் அணிவதென்றால் அது போதாது. 1999-இல் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் அந்தக் குறையைப் பெருமளவு போக்கின. கருவிழி உரசலுக்கும் புண்ணுக்கும் இன்று மருத்துவர்கள் ‘பேண்டேஜ் லென்ஸ்’ வைப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான். புண்ணையும் மூட வேண்டும், காற்றையும் தடுக்கக் கூடாது என்ற இரட்டைத் தேவையை அது நிறைவேற்றுகிறது.

கண்ணில் கீறல் பட்டால் பஞ்சு வைத்துக் கட்டுப்போடுவது நெடுங்கால வழக்கம். சாதாரண உரசல்களில் கட்டுப்போடுவதால் புண் விரைவாக ஆறுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிய பின்னர் அது குறைந்தது. மூடிய கண்ணுக்கு ஆக்சிஜன் குறைவு என்பதை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

சுண்ணாம்பு, அமிலம் போன்றவை கண்ணில் பட்டால் நிலைமை கடுமையாகிவிடும். கருவிழியின் விளிம்பில், வெள்ளை விழி தொடங்கும் இடத்தில், புதுத் தோலை உருவாக்கும் குருத்தணுக்கள் இருக்கின்றன. அங்குள்ள ரத்தக்குழாய்கள் கருகினால் விளிம்பு வெளுத்துப்போகும். அந்த வெளுப்பைப் பார்த்தே மருத்துவர் காயத்தின் தீவிரத்தைக் கணிக்கிறார். ரத்த ஓட்டம் இழந்த அந்தத் திசுவைக் காப்பாற்ற ஆக்சிஜன் உதவுமா என்று ஈரானிய மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். வழக்கமான சிகிச்சையுடன் முகக்கவசம் வழியாகத் தூய ஆக்சிஜனும் பெற்றவர்களுக்குப் புண் விரைவாக ஆறியது. விளிம்பின் ரத்த ஓட்டமும் மேம்பட்டது. 2011-இல் வெளியான இது நம்பிக்கை தரும் ஆய்வு. ஆனாலும் சிறிய முன்னோட்டம்தான் என்பதால், எல்லா மருத்துவமனைக்கும் உரிய நடைமுறையாக அதைக் கொள்ள முடியாது.

ஆக்சிஜன் அளவு மீறினாலும் ஆபத்து. 1940-களிலும் 50-களிலும் இன்குபேட்டரில் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜனால், குறைமாதக் குழந்தைகள் பலர் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை இழந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சிஜன் தருவதுதானே என்று எண்ணிக் கண்ணில் விடுவது பெருந்தவறு. லென்ஸைச் சுத்தம் செய்யும் 3 சதவீதக் கரைசல்கூட, பிளாட்டினம் பூசிய வில்லையால் மணிக்கணக்கில் செயலிழக்கச் செய்யப்பட்ட பிறகே கண்ணுக்கு ஏற்றதாகிறது.

வெற்றிலைக்கான சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கிக் குழந்தைகளின் கண்ணில் தெறிப்பதை இந்திய மருத்துவ ஏடுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன. அப்படி நேர்ந்தால் கண்ணைக் கசக்காமல், இமைகளை விலக்கிப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் உடனே கழுவத் தொடங்குங்கள். குறைந்தது அரைமணி நேரம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.