வட சிலாங்கூர் சதுப்புக் காடும் கார்பன் ஈடும்

கார்பன் ஈடு என்பது, காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட அல்லது மரமும் மண்ணும் உள்வாங்கிய ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ‘கிரெடிட்’ என்ற சான்று வழங்கி, வேறோரிடத்தில் புகை விடும் நிறுவனத்துக்கு அதை விற்கும் ஏற்பாடு. மலேசியாவில் இதற்கான சந்தையாகப் பூர்சா கார்பன் எக்ஸ்சேஞ்ச் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2024 ஜூலையில் சபாவின் குவாமுட் மழைக்காட்டுத் திட்டத்தின் கிரெடிட்டுகள் அங்கே டன்னுக்கு 50 ரிங்கிட்டுக்கு ஏலம் போயின. இத்தகைய திட்டம் நேர்மையாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்க என்ன வேண்டும் என்பதைத் தீபகற்ப மலேசியாவில் தெளிவாகக் காட்டும் இடம் வட சிலாங்கூரின் சதுப்புக் காடு.

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களில் பரவியுள்ள இந்தச் சதுப்புக் காட்டின் பரப்பு 81,304 ஹெக்டேர். ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் இதன் பெரும்பகுதி. தஞ்சோங் காராங்கின் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நெல்வயல்களுக்கு இந்தக் காடு தண்ணீரைத் தேக்கிவைத்துத் தருகிறது. மரங்களைவிட மண்ணில்தான் கார்பன் அதிகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் கட்டையும் பல மீட்டர் ஆழத்துக்குக் கரும்பழுப்பு மண்ணாகியிருக்கின்றன. மலாய்க்காரர்கள் இதைக் கம்புட் என்பார்கள்.

வெட்டுமரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோக அந்நாளில் தோண்டிய கால்வாய்கள் இன்றும் காட்டின் நீரை வடித்துக்கொண்டிருக்கின்றன. நீர் இறங்கினால் காற்றுப் பட்ட மண் மக்கி வாயுவாகிறது. செம்பனை போட நீர் வடித்த வெப்பமண்டலக் கம்புட் நிலம் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 40 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பது ஐ.நா. பருவநிலைக் குழு 2013இல் வகுத்த கணக்கு. வறட்சியில் தீப்பிடித்தால் உமியில் விழுந்த நெருப்பு மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்று வாரக்கணக்கில் புகையும். மேலே ஊற்றும் தண்ணீர் அடிவரை போய்ச் சேராது.

ஆகவே இங்கே முதல் வேலை வாய்க்காலை அடைப்பது. மரம் நடுவது அதற்குப் பிறகுதான். ராஜா மூசாவில் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற தொண்டு நிறுவனமும் 2008 முதல் சீரமைப்பில் ஈடுபட்டிருக்கின்றன. 2012இல் சுற்றுவட்டாரக் கிராமத்தார் ‘சஹாபாட் ஹூத்தான் கம்புட் சிலாங்கூர் உத்தாரா’ என்ற காட்டு நண்பர் சங்கத்தை அமைத்தனர். வீட்டோரத்தில் நாற்று வளர்த்துச் சீரமைப்புத் திட்டத்துக்கு விற்கிறார்கள். வறட்சி நாளில் காட்டோரம் காவல் சுற்றுகிறார்கள். மண்ணில் இறக்கிய துளையிட்ட பிளாஸ்டிக் குழாயில் அளவுகோலை விட்டால் நீர்மட்டம் தெரிந்துவிடும். கார்பன் கணக்கின் அடித்தளமே இந்த எளிய அளவீடுதான். அதைத் தவறாமல் எடுக்க ஊர்க்காரர்களைவிடத் தகுந்தவர் வேறு யாருமில்லை.

நம்பகத்தன்மையின் முதல் சோதனை, திட்டம் இல்லாவிட்டால் காட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. 2023 ஜனவரியில் ‘தி கார்டியன்’, ‘டி சைட்’ இதழ்கள் பங்கேற்ற புலனாய்வு, வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு ஏற்ற மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் பெரும்பாலானவை நிஜமான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அதை மறுத்தது. அழிவு அபாயத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே பல திட்டங்களின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு. சிலாங்கூரில் 2010 முதல் 25 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை உண்டு. ஆதலால் ‘வெட்டாமல் விட்டோம்’ என்று இங்கே கிரெடிட் விற்பது நியாயமாகாது. மறுபடி ஈரமாக்கிய மண்ணும் தவிர்த்த தீயும் மட்டுமே கணக்கில் வரத்தக்கவை.

அடுத்தது நிலைத்திருத்தல். மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. 2021இல் தெற்கே வட கோல லங்காட் காப்புக்காட்டின் ஒரு பகுதி காப்பு நிலையை இழந்தது தெரியவந்து, தெமுவான் பூர்வக்குடியினரும் பொதுமக்களும் எதிர்த்த பிறகே மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. ஓர் அரசாணை கலைத்துவிடக்கூடிய காட்டைக் காட்டி நூறாண்டுக்கு உறுதி கொடுக்க முடியாது. சபாவில் 2021இல் 20 லட்சம் ஹெக்டேருக்கு நூறாண்டு கார்பன் ஒப்பந்தம் போட்டபோது, பூர்வக்குடிகளைக் கேட்கவில்லை என்பதுதான் பெரிய எதிர்ப்பாக எழுந்தது.

வட சிலாங்கூரில் யாரைக் கேட்பது என்பதே சிக்கல். முன்கூட்டியே, முழு விவரத்துடன், வற்புறுத்தலின்றிப் பெறும் ஒப்புதல் என்பது 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பூர்வக்குடி உரிமைப் பிரகடனம் வலியுறுத்தும் நெறி. மரபு நில உரிமை உள்ளவர்களை அது காக்கிறது. இந்தக் காட்டின் சுற்றுவட்டாரத் தோட்டத் தமிழர்களுக்கு அப்படியொரு உரிமை கிடையாது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பெஸ்தாரி ஜெயா பக்கம், தென்னமரம் எஸ்டேட்டில் உருவானது. தலைமுறைகளாக அந்த வட்டாரத்தில் உழைத்தும், லயத்து வீடு கம்பெனிக்கே சொந்தம். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மின்யாக், மேரி ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஈட்டுப் பணத்தை நிலப்பட்டாவை வைத்துப் பிரித்தால் இவர்கள் பெயர் பட்டியலில் வராது.

நியாயமான திட்டம் பட்டாவைப் பார்க்காமல் வேலையையும் பாதிப்பையும் பார்க்க வேண்டும்: வாய்க்காலை அடைத்தவர், காவல் சுற்றியவர், புகையைச் சுவாசித்தவர். மேகாலயாவின் காசி மலைக் கார்பன் திட்டத்தில் பாரம்பரிய ஊர்ச் சபைகளின் கூட்டமைப்பே திட்டத்தை நடத்துகிறது. சிலாங்கூரில் அப்படிப்பட்ட பழைய சபை இல்லாததால், காட்டு நண்பர் சங்கத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துரிமையும் கணக்கைப் பார்க்கும் உரிமையும் இருந்தாக வேண்டும். ஆவணங்கள் மலாயிலும் தமிழிலும் கிடைக்க வேண்டும். காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களின் நிர்வாகமும் உடன்பட வேண்டும். தோட்டத்து வடிகாலில் நீரைத் தாழ்வாக வைத்தால், எல்லைக்கு இப்புறம் அடைத்த வாய்க்காலின் நீரும் மண்ணுக்கடியில் அந்தப் பக்கம் கசிந்துவிடும்.