கார்லைலின் ஓசை புகா அறை

ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் (1795–1881) வாழ்நாளில் பெரும்பகுதி இரண்டு தொல்லைகளோடு போராடினார். ஒன்று வயிற்றுக் கோளாறு; மற்றொன்று அண்டை வீட்டுச் சேவல். முதலாவதை மருத்துவர்களுக்கு விட்டுவிடுவோம். இரண்டாவது இயற்பியலுக்கு உரியது.

1834ஆம் ஆண்டில் கார்லைலும் அவர் மனைவி ஜேனும் லண்டனில் செல்சி என்னும் பகுதியில், செய்ன் ரோ என்ற சிறு தெருவில் குடியேறினர். 1708இல் கட்டப்பட்ட வீடு அது. தெரு நெடுகிலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இரு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். அதற்குப் பொதுச்சுவர் என்று பெயர். அதன் ஒரு பக்கத்தில் கார்லைலின் எழுதுமேசை, மறுபக்கத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணின் பியானோ. பின்புறத் தோட்டங்களில் கோழிகள். தெருவில் இசைப்பெட்டி சுற்றிக் காசு கேட்போர். ஜேன் அம்மையார் அண்டை வீட்டாரிடம் பலமுறை சமாதானம் பேசிப் பார்த்தார். ஓரிடத்தில் அமைதி உண்டானால் மற்றோரிடத்தில் புதிய சேவல் கூவும். 1853இல் கார்லைல் ஒரு முடிவுக்கு வந்தார்: வீட்டின் உச்சியில் ஓசையே நுழையாத ஓர் அறை கட்டிவிடுவது!

அந்த அறையின் கதையைத் தொடருமுன், பொதுச்சுவரின் கதையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

தீக்கு அஞ்சி எழுந்த சுவர்

1666 செப்டம்பரில் லண்டன் மாநகரம் நான்கு நாட்கள் எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. மரச்சட்டங்களால் ஆன வீடுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டதே காரணம். மறு ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. இனி வெளிச்சுவரும் பொதுச்சுவரும் செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் எழ வேண்டும். வீட்டின் தரத்துக்கேற்ப அவற்றின் கனமும் இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டது. சுவர் அடியில் தடித்தும் மேலே போகப் போக மெலிந்தும் அமையலாம். கூரை வழியே தீ தாவாதிருக்கப் பொதுச்சுவர் கூரைக்கு மேலும் எழ வேண்டும் என்று 1707இல் மற்றொரு சட்டம் கூறியது. நகர எல்லைக்கு அப்பாலிருந்த செல்சி போன்ற ஊர்களிலும் கட்டுவோர் அதே பாணியைப் பின்பற்றினர்.

இச்சட்டங்களை எழுதியவர்களின் கவலை நெருப்பு ஒன்றே. ஓசையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அவர்கள் எண்ணவில்லை. ஆயினும் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் தீயைத் தடுத்ததோடு ஓசையையும் ஓரளவு தடுத்தது. கேட்காமல் கிடைத்த வரம் எனலாம். ஆனால் அந்த வரத்தில் ஓட்டைகள் இருந்தன. கணப்படுப்பின் புகைபோக்கிகளைப் பொதுச்சுவருக்குள்ளேயே அமைத்ததால், அவ்விடங்களில் சுவர் உள்ளீடற்று மெலிந்து போனது. தரையைத் தாங்கும் உத்தரங்களின் முனைகளும் பல வீடுகளில் அதே சுவருக்குள் செருகப்பட்டன. ஒரு வீட்டின் படியில் குழந்தை ஓடினால் அடுத்த வீட்டின் தரை அதிரும்.

இரட்டைச் சுவர்

கார்லைலின் அறைக்கு வருவோம். வீட்டின் உச்சியைப் பிரித்து, அங்கே ஒரு பெரிய அறை எழுப்பினர். சுவர்கள் இரட்டை, நடுவே காற்றிடம். பக்கச் சாளரங்கள் வழியே ஓசை வருமென்று அஞ்சி, கூரையில் கண்ணாடி பதித்து மேலிருந்து வெளிச்சம் வரச் செய்தனர். பலகைக்கல் வேய்ந்த அக்கூரையின் கீழும் காற்றறைகள். வேலை நடந்தபோது ஆட்கள் கால் இடறி, கீழ் அறையின் சுண்ணாம்பு முகட்டைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தார்கள். பாவம், அந்த இடிபாடுகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தியவர் ஜேன்.

முடிவு? அண்டை வீட்டு ஓசை சற்றுத் தணிந்தது. ஆனால் அதுவரை கேளாத ரயில் ஊதல்களும் மணியோசைகளும் தொலைவிலிருந்து வந்து சேர்ந்தன. வீட்டிலேயே ஓசை மிகுந்த அறை அதுதான் என்று ஆயிற்று. பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் வரலாற்றைக் கார்லைல் அங்கிருந்தே பன்னிரண்டு ஆண்டுகள் எழுதினார். 1865இல் நூல் முடிந்ததும் கீழே இறங்கிவிட்டார். மாடியறை பணிப்பெண் உறங்கும் இடமாயிற்று. இடையே 1864இல் தெரு இசையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கேட்டு மனுவில் கையெழுத்திட்டவர்களுள் கார்லைலும் ஒருவர். கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜும் இந்தக் கிளர்ச்சியில் முன்னின்றார். சட்டம் வந்தது. சுவரால் முடியாததைச் சட்டம் கொஞ்சம் செய்தது போலும்!

எங்கே தவறியது?

கார்லைலுக்கு அறை கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்லர். அக்காலத்தில் எல்லாரும் நம்பியதையே அவர்களும் நம்பினர். அசையாத காற்றுப் படலம் வெப்பத்தைத் தடுக்கும். ஆகவே ஓசையையும் தடுக்கும் என்பது அந்த நம்பிக்கை. இதில் பாதி உண்மை.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். அது பொருள்களினூடே கடத்தப்பட்டுச் செல்கிறது. அசையாத காற்று மிக மோசமான கடத்தி. கம்பளியும் பஞ்சும் காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்பிடித்து வைப்பதால்தான் குளிரைத் தாங்குகின்றன. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் செய்யும் வெப்பக் காப்பை அரை அங்குலக் கனமுள்ள தாதுக் கம்பளம் செய்துவிடும் என்றால் வியப்பாக இல்லையா?

அதே அரை அங்குலக் கம்பளத்தைத் தடுப்பாக வைத்து அப்பால் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் தவறாமல் கேட்கும். ஏனெனில் ஓசை என்பது அதிர்வு. காற்றின் அதிர்வு சுவரைத் தள்ளுகிறது. சுவர் மறுபக்கக் காற்றைத் தள்ளுகிறது. சுவர் கனமாக இருந்தால் அசைப்பது கடினம். சுவரின் எடை இரட்டித்தால் ஓசைத் தடுப்பு ஏறக்குறைய 5 அல்லது 6 டெசிபெல் கூடும். வெப்பத்துக்கு இலேசான பொருள் வேண்டும். ஓசைக்குக் கனமான பொருள் வேண்டும். ஒரே சொல்லில் ‘காப்பு’ என்று இரண்டையும் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

இரட்டைச் சுவருக்குப் பயன் இல்லாமற் போகவில்லை. இரு சுவர்களும் ஒன்றையொன்று தொடாமல் தனித்து நின்றால் நல்ல பலன் உண்டு. ஆனால் அடியில் ஒரே உத்தரத்தின் மேல் இரண்டும் நின்றால், ஒன்றின் அதிர்வு மற்றொன்றுக்கு உத்தரம் வழியே போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றவாளி கூரைக் கண்ணாடி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல செங்கற்சுவர் 50 டெசிபெல் தடுக்கிறது. அதாவது ஒலியாற்றலில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. ஒற்றைக் கண்ணாடி சுமார் 25 டெசிபெல்தான். முந்நூற்றில் ஒரு பங்கு நுழைந்துவிடும். கூரையின் பத்தில் ஒரு பகுதி கண்ணாடி என்று கொண்டால், மொத்தத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். மற்ற ஒன்பது பகுதிகளையும் ஈயக் கட்டியால் அடைத்தாலும் 35 டெசிபெல்லைத் தாண்ட முடியாது. கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிச் சந்து இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், தடுப்பு 20 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும்.

உயரமும் அவருக்கு எதிராக நின்றது. கீழே இருந்தவரை எதிர்வீட்டு வரிசை தொலைவு ஓசைகளை மறைத்தது. உச்சியில் அந்த மறைப்பு இல்லை. மேலும் அருகிலுள்ள ஓசை தணிந்ததும், அது மூடி வைத்திருந்த மெல்லிய ஓசைகள் காதில் விழத் தொடங்கின. இது காதின் இயல்பு.

சேபின் வகுத்த வழி

இவ்விஷயத்தில் தெளிவு பிறந்தது அமெரிக்காவில். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வாலஸ் சேபின் 1895இல், எதிரொலியால் கெட்டுப்போன ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பணியை ஏற்றார். இரவு வேளைகளில் நாடக அரங்கின் மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டு, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்தார். மெத்தை அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சுகிறது என்பதை எண்களால் காட்டினார். ஒரு சுவர் ஓசையை அப்பால் போகாமல் தடுப்பது வேறு சங்கதி. அதை 1915இல் தனிக் கட்டுரையாக எழுதினார். ‘ஒலி புகா’ என்று பெருமையாகக் கட்டிய இசைப்பள்ளி அறைகள் பொய்த்துப் போனதை அதில் ஆராய்ந்துள்ளார். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி அண்டை வீட்டு ஓசையை நிறுத்தப் பார்ப்பவர்களுக்கு இன்றும் இந்த வேறுபாடு பிடிபடவில்லை.

அதற்கு முன்பே பாஸ்டன் நகரில் சாமுவேல் கேபட் என்பவர் உலர்ந்த கடற்புல்லைக் காகிதங்களுக்கிடையே வைத்துத் தைத்துக் ‘குவில்ட்’ என்று விற்றார். வெப்பம், ஓசை இரண்டுக்கும் ஒரே மருந்து என்பது விளம்பரம். வெப்பத்துக்கு அது நல்ல மருந்தே. ஓசைக்கோ, இரு தனித்த பரப்புகளுக்கு நடுவே வைத்தால் மட்டுமே குணம் தெரியும்.

பழைய வீட்டுக்குப் புதிய காப்பு

பிரிட்டனில் 1966இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள் புது வீடுகளுக்கு வெப்பக் காப்பையும் ஒலித் தடுப்பையும் வலியுறுத்தின. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர், பழைய வீடுகளின் முகட்டில் கம்பளம் பரப்ப அரசே உதவித்தொகை தர 1978இல் சட்டம் வந்தது. வரிசை வீட்டுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. இருபுறமும் அண்டை வீடு கதகதப்பாக இருந்தால் பொதுச்சுவர் வழியே வெப்பம் போகாது. முன்சுவர், பின்சுவர், கூரை, சாளரம் ஆகியவற்றைக் கவனித்தால் போதும். வெப்பக் கணக்கில் நல்ல நண்பனான அதே பொதுச்சுவர் ஓசைக் கணக்கில் பகையாகிறது!

சாளரத்திலும் இதே முரண்பாடு. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அரை அங்குலம் விட்டால் வெப்பத்துக்குப் போதும். அதற்குமேல் விட்டால் உள்ளே காற்று சுழன்று பயன் குறையும். ஆனால் அரை அங்குலக் காற்று, விறைப்பான வில்லைப் போல் இரு கண்ணாடிகளையும் பிணைத்துவிடுவதால், வண்டிகளின் தாழ்ந்த உறுமலுக்கு அது தடையே அல்ல. ஓசைக்கு நான்கு முதல் எட்டு அங்குலம் வேண்டும். ஆகவே பழைய சாளரத்தை அப்படியே விட்டு, உட்புறம் தள்ளி இரண்டாவது கண்ணாடி பொருத்துவதே தெருவோர வீட்டுக்கு ஏற்றது.

பொதுச்சுவருக்குச் செய்யத்தக்கது, அதைத் தொடாமல் ஓர் அங்குலமாவது தள்ளித் தனிச் சட்டம் நிறுத்தி, இடையில் தாதுக் கம்பளம் வைத்து, முன்னே இரட்டை ஜிப்சப் பலகை அறைந்து, விளிம்புகளைச் சந்தின்றி அடைப்பது. அறையில் நாலைந்து அங்குலம் போய்விடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வெளிச்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மையது. அதன்மேல் காற்றுப் புகாத காப்பை ஒட்டினால் ஈரம் தங்கி உத்தர முனைகள் உளுத்துப் போகும் அபாயமும் உண்டு.

தரையில் முன்னோர் கண்ட உபாயம் இன்றும் பழுதற்றது. உத்தரங்களுக்கிடையே பலகை தாங்கி, அதன்மேல் சாம்பலோ மணலோ மண்ணோ கனமாகக் கொட்டி நிரப்புவர். ஸ்காட்லாந்தில் இதற்குச் ‘செவிடாக்குதல்’ என்றே பெயர். குழாய் பதிக்கவும் மின்கம்பி இழுக்கவும் தரையைப் பெயர்க்கும் ஆட்கள், இது என்ன குப்பை என்று அள்ளி வெளியே கொட்டிவிடுவது உண்டு. அதன் பிறகு மாடியில் ஸ்பூன் விழுந்தாலும் கீழே கேட்கும்.