கதியால், போத்து, பத்தல்: ஆட்டுவேலியின் சொல்வரலாறு

கொச்சிக் காயலின் வல்லார்பாடம் தீவில் ஆட்டுக்கு வேலியடைக்க முனைபவர் ‘பத்தல்’ தேடுவார். யாழ்ப்பாணத்தில் அதே தேவைக்குக் ‘கதியால்’ வேண்டும். தமிழகத்தின் பல பகுதிகளில் ‘போத்து’. வெட்டி நட்டால் வேர்விட்டுத் தழைக்கும் கிளைத்துண்டு வேலிக்காலாகும்போது இம்மூன்று சொற்களும் அதையே சுட்டுகின்றன. பட்ட மரத்தாலான காலுக்குக் கம்பம், தூண் முதலிய பொதுச்சொற்களே போதுமாயிருந்தன. உயிருள்ள காலுக்கோ தனிச்சொல் தேவைப்பட்டது. இத்தேவை எவ்வாறு எழுந்தது என்று கேட்டால், வேலியின் வரலாறு விரியத் தொடங்குகிறது.

காரணங்களுள் முதன்மையானது ஆடு. அது பின்னங்கால்களில் எழுந்து நின்று மேயும், இளம்பட்டையை உரிக்கும், தளர்ந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நுழையும். பட்ட மரத்தை நட்டால் மண்மட்டத்தில் ஈரமும் கறையானும் அதை அரிக்கின்றன. நட்ட நாளிலிருந்தே அதன் வலிமை குறைகிறது. கதியாலின் வலிமையோ வேர் இறங்க இறங்கக் கூடுகிறது. யாழ்ப்பாணத்தார் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றைத் தேர்ந்தமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனி. தோட்டத்துக்குப் பசுந்தழை உரம். ஆட்டைத் தடுக்கும் வேலியே ஆட்டுக்கு உணவும் தந்தது. காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகளில் தேர்வின் தருக்கம் வேறு. அங்கே மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை நின்றது. தீனியை உள்ளிருக்கும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் தந்தன. வேலியின் பணி காவல் மட்டுமே. எனவே முள் தகுதியாயிற்று.

நடும் முறையிலும் இதே நுண்மை தென்படுகிறது. முற்றிய, நேரான கிளையைத் தேர்ந்து, ஆடு எட்டாத உயரத்தில் தளிர்க்குமாறு நீளமாக வெட்டுவர். அடிப்பக்கம் கீழே இருத்தல் வேண்டும். தலைகீழாக நட்டால் வேர்பிடிப்பது அரிது. மண்ணில் அடித்து இறக்கினால் பட்டை கிழிந்து வேர்விடாது. ஆதலால் முதலில் குழி குத்திப் பின்னரே நட்டு, மண்ணை இறுக்குவர். வேர்பிடிக்கும் வரை ஆடு நெருங்காதிருக்க அலம்பல் கட்டுவர்.

அக்குழியைக் குத்தும் கருவிக்கு யாழ்ப்பாணத்துப் பெயர் ‘அலவாங்கு’, தமிழகத்தின் கடப்பாரை. நெம்புகோலைக் குறிக்கும் ‘அலவங்கா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது வந்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவு. அவர்களது கோட்டை கைமாறிய பின்னும் கருவியின் பெயர் வேலியோரத்தில் நிலைத்துவிட்டது.

மெக்சிகோ, நடு அமெரிக்கா பகுதிகளிலிருந்து வந்த கிளிரிசிடியா மரத்தின் பெயர்களும் ஆராயத்தக்கவை. மலையாளிகள் பூவைக் கண்டு அதைச் ‘சீமக்கொன்ன’ என்றனர். ஈழத்தமிழர் அதன் பயனைக் கண்டு ‘சீமைக்கிளுவை’ என்றனர் என்று கொள்ளலாம். தாவரவியலார் இட்ட ‘சேபியம்’ என்னும் இலத்தீன் இனப்பெயருக்கும் ‘வேலிகளுக்குரியது’ என்பதே பொருள். ‘சீமை’ வடமொழிச் ‘சீமா’விலிருந்து வந்தது, அதன் முதற்பொருள் எல்லை. எல்லையைக் குறித்த சொல் நாட்டையும், பின் அயல்நாட்டையும் குறித்து, மறுபடியும் ஓர் எல்லைமரத்தின் பெயரில் வந்து நிற்கிறது.

ஆயினும் இவ்வேலியைப் பொற்காலச் சின்னமாகக் கொள்வதற்கில்லை. ஆண்டுதோறும் வேலியடைக்கும் உழைப்பு பெரும்பாலும் சாதிப் படிநிலையின் அடித்தட்டில் வைக்கப்பட்டோர்மீதே சுமத்தப்பட்டது. கதியாலைச் சற்றே நகர்த்தி நட்டு அயலவர் நிலத்தைக் கவர்வதும், அதனால் எழும் வழக்கும் யாழ்ப்பாணச் சமூகம் நன்கறிந்தவை. உயிருள்ள எல்லை, நகரக்கூடிய எல்லையாகவும் இருந்தது.

1874இல் அமெரிக்காவில் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கம்பியும் சீமெந்துத் தூணும் இன்று கதியாலின் இடத்தைப் பிடித்து வருகின்றன. ஆண்டுதோறும் அடைக்கும் சுமை குறைகிறது என்பது மறுக்கவியலாத நன்மை. ஆனால் சீமெந்துத் தூண் குழை தராது. சாய்ந்தால் தானே எழாது. கவனிப்பாரற்று விடப்பட்ட கதியாலோ மரமாகிறது; வரிசையாய் நிற்கும் மரங்கள் எல்லைக்குச் சாட்சியாகின்றன. போரினால் மக்கள் பல்லாண்டுகள் வெளியேறியிருந்த மண்ணில் இவ்வேறுபாடு சிறியதன்று.

வேலி மாறும்போது சொற்களும் வழக்கொழிகின்றன. கதியால், அலம்பல், குழை என்பன அகராதியில் எஞ்சலாம்; எந்தக் கிளையை எவ்வாறு நடுவது என்னும் அறிவு அங்கே எஞ்சாது. உங்கள் ஊரில் உயிர்வேலிக் காலுக்கு வழங்கும் பெயரையும், அதற்கு எம்மரத்தைத் தேர்கின்றனர் என்பதையும் வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். சொல்லோடு நடும் முறையையும் சேர்த்துப் பதிவு செய்வோம்.