சராசரிக்குள் மறைந்த பெண்கள்

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1990இல் மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிடத் தொடங்கியபின், தென்னாசியாவில் இலங்கை முன்னணியில் நிற்பதாகப் பத்திரிகையில் நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதியது பிழையன்று, ஆனால் பாதி உண்மை.

அந்த முன்னணியில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. 1946இல் இந்நாட்டுப் பெண்ணின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆணினதைவிடக் குறைவு: ஆணுக்கு ஏறத்தாழ 44 வயது, பெண்ணுக்கு 42. இலவசக் கல்வியும், கிராமந்தோறும் சென்ற மருத்துவ மாதரும், மலேரியாக் கட்டுப்பாடும் சேர்ந்து 1960களில் அந்நிலையைத் தலைகீழாக்கின. இவற்றைக் கேட்டுப் பெறும் வலிமையை மக்களுக்கு அளித்தது 1931இன் சர்வசன வாக்குரிமை என்பது என் கணிப்பு.

அவ்வுரிமை இலகுவில் கிட்டியதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனை எதிர்த்தார். யாழ்ப்பாணத்தில் 1913இலேயே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய அதே இராமநாதன்! பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் டொனமூர் ஆணைக்குழு முன் தோன்றிய அக்னஸ் டி சில்வாவிடம், இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, நிச்சயமாக வேண்டும் என்றார் அவர்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே அப்பதில் மறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆசனங்களை வென்றிருந்தது, 1952இல் ஒன்றுமில்லை. வாக்கற்றவரின் வாசலுக்கு எந்த அரசியல்வாதி பள்ளிக்கூடம் கொண்டுவருவான்? தோட்டப் பாடசாலைகள் பல்லாண்டுகள் தேசியக் கல்வி முறைக்கு வெளியே கிடந்தன. 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சம் வந்தபோது, தோட்டங்களில் சிசு மரண வீதம் தேசிய சராசரியின் இரு மடங்கையும் தாண்டியது. கொழுந்து பறித்து நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பெண்ணுக்கு, ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984இலேதான் கிடைத்தது.

சுட்டெண் காட்டுவது சராசரியை. லயத்து அறையில் வாழ்ந்தவள் அதற்குள் கரைந்துபோனாள். அக்குறையை ஓரளவு தீர்க்க, பாராளுமன்ற ஆசனங்களையும் கணக்கிற்கொள்ளும் பால்நிலை சமத்துவமின்மைச் சுட்டெண் 2010இல் வந்தது. உலகின் முதற் பெண் பிரதமரை 1960இல் தந்த இலங்கையில், 2020இல் 225 உறுப்பினருள் பெண்கள் 12 பேர் மட்டுமே.

2024 நவம்பர் தேர்தலில் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றத்திற்குத் தெரிவாகினர். 1931இலிருந்து எண்ணினால் 93 ஆண்டுகள்.