குடிகிடப்பும் குடியிருப்பும்: கௌரியம்மாவின் நிலச்சட்டப் பணியும் பாறசாலை–நெய்யாற்றின்கரை எல்லையூர்களும்

முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் கேரளம் முடிந்து தமிழகம் தொடங்குகிறது. எல்லைக்கு இப்பால் இஞ்சிவிளை, அப்பால் களியக்காவிளை. ஈரூர்ப் பெயர்களும் ‘விளை’ என்னும் ஒரே ஈற்றைக் கொண்டுள்ளன. வயல் அல்லாத தோட்ட நிலத்தைக் குறிக்கும் தென்திருவிதாங்கூர் வழக்குச் சொல் இது. மண்ணும் அதைச் சுட்டும் சொல்லும் ஒன்றாயிருக்க, 1956ஆம் ஆண்டிற்குப் பின் அம்மண்ணை ஆளும் சட்டங்கள் இரண்டாயின.

கேரளப் பகுதியில் அச்சட்டங்களை உருவாக்குவதில் தலைமைப் பங்கு ஆற்றியவர், வழக்கறிஞராயிருந்து அரசியலுக்கு வந்த கே.ஆர். கௌரியம்மா (1919–2021). அவருடைய பொதுப்பணியை எல்லையூர்களின் நில வரலாற்றோடு இணைத்து நோக்குவதும், அவ்வூர்களில் அதன் பயன் எப்பகுதியில் மிகுந்தது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைக் கோடு

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தமிழ் வழங்கும் வட்டங்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் எனப் போராடியபோது, அதன் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம் பெற்றிருந்தது. 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றையே தமிழகத்திற்கு உரியனவாகப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை வட்டமும் அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. 1956 நவம்பர் 1 முதல் விளவங்கோட்டு உழவர் சென்னைச் சட்டமன்றத்தின் ஆட்சிக்கும், பாறசாலை உழவர் திருவனந்தபுரச் சட்டமன்றத்தின் ஆட்சிக்கும் உட்பட்டனர்.

எனினும் பழைய சட்டங்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. உரிய சட்டமன்றம் மாற்றும் வரை, அந்தந்தப் பகுதியில் நடப்பிலிருந்த சட்டங்கள் தொடரும் என மாநிலச் சீரமைப்புச் சட்டம் விதித்தது. ஆகவே 1956இல் இருபகுதியினரும் ஒரே சட்ட மரபிலிருந்தே புறப்பட்டனர். வேறுபாடு அதன் பின்னரே வளர்ந்தது.

தென்திருவிதாங்கூர் நிலவுரிமையின் தனித்தன்மை

கேரள நிலச்சட்டங்களைப் பற்றிய பொதுவான எழுத்துகள் பெரும்பாலும் மலபாரை மனத்திற் கொண்டவை. அங்கு நிலத்தின் பெரும்பகுதி சென்மிகளின் கையில் இருந்தது. உழுதவர் வெறும்பாட்டக் குடிகளாய் வாழ்ந்தனர். திருவிதாங்கூரின் நிலை வேறு. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசுக்குரிய நிலங்களைப் பயிரிட்டு வந்த குடிகளுக்கு அந்நிலங்களின் முழு உரிமையையும் அளித்தது. 1896ஆம் ஆண்டின் சென்மி–குடியான் சட்டம் சென்மிகளின் நிலத்தைப் பயிரிட்டோர்க்கும் ஓரளவு நிலைபேற்றைத் தந்தது. இவற்றால் தென்பகுதியில் சிறுநில உடைமையாளர் பெருகினர்.

ஆயினும் இருவகையினர் இப்பயனுக்குப் புறத்தே நின்றனர். பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ‘ஸ்ரீபண்டாரவகை’ நிலங்களைப் பயிரிட்டோர் ஒரு வகையினர். பிறர் புரையிடத்தின் ஓரத்தில் குடிசை கட்டி, நிலவுடைமையாளரின் இசைவினால் மட்டும் வாழ்ந்தோர் மற்றொரு வகையினர். பின்னவரே குடிகிடப்புக்காரர். அவர்களுக்குப் பாட்டச் சீட்டு இல்லை. வரி இரசீதும் இல்லை. உடைமையாளரோடு பிணக்கு நேரின், கூலி வேலையும் குடிசையும் ஒருங்கே பறிபோகும் நிலை இருந்தது. 1955இல் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றம் குடிகிடப்புக்காரரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. எல்லை பிரிவதற்கு முன் வந்தமையால் அது இருபகுதிக்கும் பொதுவாய் அமைந்தது. ஆனால் அது அளித்தது காப்பு மட்டுமே, உரிமை அன்று.

வழக்கறிஞர் அரசியலில்

திருவிதாங்கூரில் பெண்கள் சட்டம் பயில்வது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. கேரளப் பெண்களுள் முதன்முதலில் சட்டப் பட்டம் பெற்ற அன்னா சாண்டி 1937இல் முன்சீபாகவும், 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பொறுப்பேற்றார். அவர் நீதிமன்றத்தின் வழியே உயர்ந்தவர். கௌரியம்மாவோ நீதிமன்றத்திலிருந்து மக்கள் மன்றத்திற்குச் சென்றவர்.

1919 சூலை 14ஆம் நாள் சேர்த்தலை வட்டம் பட்டணக்காட்டில் ஈழவர் குடும்பத்தில் பிறந்த அவர், அச்சமூகப் பெண்களுள் முதலில் சட்டப் பட்டம் பெற்றவராகக் கருதப்படுகிறார். வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டிருந்த காலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றுச் சிறைவாசமும் கண்ட அவர், 1952, 1954 ஆகிய ஆண்டுகளில் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1957 ஏப்ரல் 5ஆம் நாள் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் வருவாய்த்துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டத்துறையை ஏற்ற வி.ஆர். கிருஷ்ணய்யரும் வழக்கறிஞரே.

1957ஆம் ஆண்டின் அவசரச் சட்டம்

பொறுப்பேற்ற ஆறாம் நாள், அஃதாவது ஏப்ரல் 11ஆம் நாள், நிலத்தினின்று குடிகளை வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டம் வெளியிடப்பெற்றது. நிலச்சீர்திருத்தம் வரவிருக்கிறது என்ற செய்தி பரவுங்கால், உடைமையாளர் முந்திக்கொண்டு குடிகளை அகற்றுவது எங்கும் காணப்பட்ட நிகழ்ச்சியாகும். சட்டம் நிறைவேறும் நாளில் அதன் பயனைப் பெற நிலத்தில் ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார். ஆதலால் முதலில் வழக்குகளையும், தீர்ப்பாகி நிறைவேற்றத்திற்கு நின்ற ஆணைகளையும் நிறுத்தி, அதன் பின்னரே உரிமையைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் அணுகுமுறை இதில் புலப்படுகிறது. நீதிமன்ற நடைமுறையை உள்ளிருந்து அறிந்தவர்களின் அணுகுமுறை இது எனலாம். பாட்டக் குடிகளோடு குடிகிடப்புக்காரரும் இதன் காப்பினுள் அடங்கினர் என்பது எல்லையூர்களின் நோக்கில் முதன்மையானது.

சட்டத்தின் நெடும்பயணம்

1957 திசம்பரில் முன்வைக்கப்பட்ட வேளாண் உறவுகள் மசோதா 1959 சூன் மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த மாத இறுதியில், சூலை 31ஆம் நாள், அமைச்சரவை நீக்கப்பட்டது. அடுத்து வந்த ஆட்சியில் திருத்தங்களோடு 1961இல் சட்டமாகிய அது, அவ்வாண்டின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றத்தில் பின்னடைவு கண்டது. அதன் இடத்தில் 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது.

1967இல் மீண்டும் வருவாய்த்துறையை ஏற்ற கௌரியம்மாவின் பொறுப்பில், அச்சட்டத்தை அடியோடு மாற்றிய 1969ஆம் ஆண்டுத் திருத்தம் உருவாயிற்று. அது நிறைவேறிய சில நாட்களில் அவ்வமைச்சரவையும் வீழ்ந்தது. அச்சுத மேனன் அமைச்சரவையின் காலத்தில் 1970 சனவரி 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை வகுத்தவர் ஒருவராகவும் நடைமுறைப்படுத்தியவர் வேறொருவராகவும் அமைந்தமையால், அதன் பெருமை யாருக்குரியது என்பது கேரள அரசியலில் நெடுங்காலம் வாதிடப்பட்டது. மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டின் எடநீர் மடத்துத் தலைவர் இத்திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்ததே, 1973இல் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைத் தோற்றுவித்த கேசவானந்த பாரதி வழக்காகும்.

கிடப்பும் இருப்பும்

புதிய சட்டம் குடிகிடப்புக்காரரை மிக எளிய அளவுகோலால் வரையறுத்தது. கட்டுமானச் செலவு 750 ரூபாய்க்கு மிகாததும், அல்லது மாத வாடகை 5 ரூபாய்க்கு மேல் பெறாததுமான குடிசையில் பிறர் இசைவோடு வாழ்ந்து, வேறு மனை இல்லாதவர் இவ்வுரிமைக்கு உரியவர். அவர் தம் குடிசையைச் சூழ்ந்த நிலத்தை, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், சிறு நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் என்ற அளவில், சந்தை விலையின் ஒரு பகுதியைத் தவணைகளில் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம். பாட்டக் குடிகள் குறைந்தும் சிறுநில உடைமையாளர் மிகுந்தும் இருந்த தென்பகுதியில், பாட்ட நில உரிமையைப் பற்றிய பிரிவினும் இப்பிரிவே கூடுதல் பொருளுடையதாயிற்று.

தமிழகம் 1961இல் இத்தகையோரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டத்தையும், 1971இல் உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் மனை உரிமை வழங்கும் சட்டத்தையும் இயற்றியது. அச்சட்டங்கள் ‘குடியிருப்பு’ என்னும் சொல்லைக் கையாண்டன. கேரளச் சட்டம் ‘குடிகிடப்பு’ என்றது. முதற்பகுதி இரண்டிற்கும் ஒன்றே. ‘கிட’, ‘இரு’ ஆகிய வினையடிகளும் இரு மொழிக்கும் பொதுவானவை. பாட்டம், ஒற்றி, குழிக்காணம் முதலிய நிலச்சொற்களைப் போல, ஈரரசுகளும் தத்தம் சட்டத்திற்கு மக்கள் வழக்கிலிருந்தே பெயர் எடுத்தமை மொழி வரலாற்றில் கருதத்தக்கது.

மற்றொரு செய்தியில் முந்தியது தமிழகம். கன்னியாகுமரி மாவட்டத்து ஸ்ரீபண்டாரவகை நிலங்களை இரயத்துவாரி நிலங்களாக மாற்றும் சட்டம் 1964இல் இயற்றப்பட்டது. கேரளத்தில் அவ்வகை நிலங்களைப் பற்றிய சட்டம் 1971இல்தான் வந்தது. ஒரே கோயிலின் நிலத்தை உழுத இருவருள் எல்லைக்கு அப்பாலிருந்தவர்க்கு ஏழாண்டு முன்னரே சட்டம் வந்தது. பிறர் புரையிடத்தில் வாழ்ந்த இருவருள் இப்பாலிருந்தவர்க்கு மனை வாங்கும் உரிமை முன்னதாக வந்தது. எல்லைக் கோட்டினால் ஒரு பக்கம் மட்டும் இழந்தது அல்லது பெற்றது எனக் கூறுவது பொருந்தாது.

குறைபாடுகள்

இச்சட்டத்தின் வரம்புகளையும் சுட்டுதல் வேண்டும். பாட்டக் குடிக்கு வயலின் உரிமை கிடைத்தது; வயலில் உழைத்த கூலியாளுக்குப் பத்து சென்ட் மனையே கிடைத்தது. தாழ்த்தப்பட்ட மக்களுள் பெரும்பாலோர் பின்னவராதலின், சாகுபடி நிலம் அவர்களுக்கு எட்டாப் பொருளாகவே நின்றது. தோட்டப் பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

எல்லையூர்த் தமிழர்க்கு மொழியும் ஒரு தடையாகும். உரிமை கோரும் மனு, விசாரணை, பட்டயம் ஆகிய அனைத்தும் மலையாளத்தை முதன்மையாகக் கொண்ட அலுவலகங்களில் நிகழ்வன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்தது. நிலவுரிமைத் திருத்தமும் மொழிக் காப்பும் ஒரே ஆண்டில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. எழுத்தறிவு குறைந்த குடிசைவாசிக்கு முன்னதன் பயன் கிட்டுவது பின்னதையும் சார்ந்தது.

பிற்காலப் பணி

1964இல் கட்சி பிளவுற்றபோது கௌரியம்மா மார்க்சிஸ்ட் பிரிவிலும், 1957இல் அவர் மணந்த அமைச்சர் டி.வி. தாமஸ் மற்றொரு பிரிவிலும் நின்றனர். 1980, 1987 ஆண்டுகளின் அமைச்சரவைகளிலும் பணியாற்றிய அவர், 1994இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, சனாதிபத்திய சம்ரட்சண சமிதியைத் தொடங்கினார். 2001 முதல் 2006 வரை எதிரணியின் ஆட்சியில் அமைச்சராக இருந்தார். அணி மாறியும் நிலத்தைப் பற்றிய நிலைப்பாடு மாறவில்லை என்பதற்கு 1996ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத் தரும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவை இருபெரும் அணிகளும் ஆதரித்தபோது, அவர் தனித்து நின்று எதிர்த்தார். 2021 மே 11ஆம் நாள் தம் 101ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

கௌரியம்மாவின் தொகுதி சேர்த்தலையும் அரூருமேயன்றிப் பாறசாலை அன்று. எனினும் அவர் பொறுப்பில் உருவான சட்டம் தென்னெல்லை வரை சென்றது. பாட்டக் குடியைப் பற்றிய வாதங்களால் புகழ்பெற்ற அச்சட்டம், இவ்வூர்களில் குடிசைவாசியைப் பற்றிய சிறு பிரிவினாலேயே ஆழமாக வேரூன்றியது. விளவங்கோட்டு, நெய்யாற்றின்கரை வட்டங்களின் நிலப் பதிவேடுகளை அடுத்தடுத்து வைத்து ஊர் வாரியாக ஒப்பிடும் ஆய்வு மேற்கொள்ளப்படுமாயின், மொழிவழிப் பிரிவினை எளிய மக்களின் வாழ்வில் விளைத்த மாற்றம் தெளிவுறும். பத்து சென்ட் நிலம் அளவில் சிறிது. எனினும் உடைமையாளரின் சினத்திற்கு அஞ்சாது ஒருவர் உறங்கி எழுவதற்கு அது போதுமானதாயிருந்தது.