கலப்படம், தரம், பாதுகாப்பு: சித்தூர் மாங்கூழின் மூன்று சொற்கள்

2025 ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் வாயில்களில், பழம் ஏற்றிய டிராக்டர்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. தோத்தாபுரி மாம்பழத்துக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும், அதில் 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்திருந்தது. கர்நாடகத்திலிருந்து தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என மாவட்ட நிர்வாகம் ஜூன் 7 அன்று தடை விதித்தது. கர்நாடக முதல்வர் அதை எதிர்த்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். முந்தைய பருவத்தின் கூழே இன்னும் விற்கவில்லை என்பது ஆலைகள் சொன்ன காரணம்.

காத்திருந்த பழத்துக்கும் மூடியிருந்த வாயிலுக்கும் இடையில் ஒரு முரண் இருக்கிறது. இந்த ஆலைகள் பழங்காலத்துப் பட்டறைகள் அல்ல. இந்தியாவின் மாங்கூழ் ஏற்றுமதிக்கு இரண்டு முதன்மை மையங்களே உண்டு: ஒன்று சித்தூர், மற்றொன்று கிருஷ்ணகிரி. சவூதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கூழ் அனுப்பும் ஆலை, உலகச் சந்தை கேட்கும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சுவரில் மாட்டியிருக்கும். அந்தச் சான்றிதழ்களைப் பெறுவதற்கு அரசின் பணம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துணை நின்றிருக்கிறது. அப்படியிருந்தும் தரத்துக்காகச் செலவான அந்தப் பணம் பழம் விளைந்த தோட்டத்தை ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கு, உணவுச் சட்டங்களின் பெயர்களில் அடுத்தடுத்து வந்த மூன்று சொற்கள் ஓரளவு விடை தருகின்றன.

முதற்சொல் கலப்படம். வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை அது சென்னை மாகாணத்தின் பகுதி. ஆகவே 1918ஆம் ஆண்டின் சென்னைக் கலப்படத் தடுப்புச் சட்டம் சித்தூருக்கும் உரியதே. அச்சட்டத்தின் உலகில் உணவு ஒரு குற்ற வழக்கின் தடயப் பொருள். மாதிரி எடுக்க அலுவலர், சோதிக்கப் பொதுப் பகுப்பாய்வாளர், தண்டிக்க மாஜிஸ்திரேட் என்று மூவர் இருந்தால் போதும். பாலில் நீர், நெய்யில் வேறு கொழுப்பு என்று ஏமாற்றுபவரைப் பிடிப்பதே நோக்கம். 1954இல் நாடு முழுமைக்கும் வந்த உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமும் இதே மனநிலையின் தொடர்ச்சி. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதைத் தடுத்த விதி 44ஏஏ அதன்கீழ் வந்ததுதான். உற்பத்தியாளருக்கு நிதி கொடுப்பது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. திருடனைப் பிடிக்கும் சட்டத்தில் பூட்டு வாங்க மானியம் எதற்கு?

இரண்டாவது சொல் தரம். 1937ஆம் ஆண்டின் விளைபொருள் தரம்பிரித்தல், முத்திரையிடல் சட்டம் ‘அக்மார்க்’ என்ற முத்திரையைத் தந்தது. பழப் பொருள்களுக்கு 1946இல் போர்க்கால விதிகளின் கீழ் ஓர் ஆணை வந்து, 1955இல் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் பழப் பொருள்கள் ஆணையாக மறுவடிவம் பெற்றது. பழச்சாறு, ஜாம், ஊறுகாய்ப் புட்டிகளில் ஒரு தலைமுறையே பார்த்துப் பழகிய ‘எஃப்.பி.ஓ.’ முத்திரை இதுதான். இங்கே சட்டத்தின் பார்வை மாறுகிறது. ஆள் ஏமாற்றுகிறாரா என்பதோடு, ஆலையின் தரை எப்படி, தண்ணீர் எப்படி, சரக்கு அளவுகோலுக்குள் இருக்கிறதா என்பனவும் கேள்விகளாகின்றன. 1988இல் மத்திய அரசில் உணவு பதப்படுத்தும் தொழிலுக்குத் தனி அமைச்சகம் உருவானபின், இந்த ஆணையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பும் அதனிடம் வந்தது. உரிமம் கொடுப்பதும் தொழிலை வளர்க்க நிதி கொடுப்பதும் ஒரே கை. இது கேடா நன்மையா என்று வாதிடலாம். ஆனால் உரிமம் கேட்டு வரும் ஆலையின் குறைகளும் அதன் பணத் தேவையும் ஒரே அலுவலகத்தின் பார்வைக்கு வந்த காலம் அது.

மூன்றாவது சொல் பாதுகாப்பு. இதன் பிறப்பிடம் அடுக்களையோ சந்தையோ அல்ல, விண்வெளி. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனம், நாசாவோடும் அமெரிக்க இராணுவத்தின் நேட்டிக் ஆய்வகத்தோடும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தது. முடிந்த உணவைச் சோதித்துப் பார்த்துப் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாது. சோதித்த பொட்டலம் அழிந்துபோகும், சோதிக்காத பொட்டலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே ஆபத்து எந்த நிலையில் நுழையக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து அந்த நிலையைக் காவல் காக்க வேண்டும். தொழில் வட்டாரத்தில் ‘ஹாசப்’ என்று வழங்கும் இடர் பகுப்பாய்வு முறை இதுவே. 1993இல் கோடெக்ஸ் ஆணையம் இதற்கு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் கோடெக்ஸை நாடுகளுக்கிடையிலான வழக்குகளின் அளவுகோலாக்கியது. 2001இல் அமெரிக்கா பழச்சாற்றுக்கு ஹாசப்பைக் கட்டாயமாக்கியது. சாற்றுக்கு மூலப்பொருளாகும் கூழும் அதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 852/2004 விதி 2006 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

மாங்கூழ் ஆலைக்குள் இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழுத்த பழத்தைக் கழுவி, அழுகலைப் பொறுக்கி எடுத்து, கொட்டையும் தோலும் நீக்கிப் பிழிகிறார்கள். சல்லடையும் காந்தமும் கடந்த கூழ் சூடாக்கப்பட்டு, குறித்த நேரம் அந்தச் சூட்டிலேயே வைக்கப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, கிருமி நீக்கிய பையில் காற்றுப்படாமல் நிரப்பப்படுகிறது. அந்தப் பை இரும்பு டிரம்முக்குள் அமர்கிறது. மாங்கூழின் அமிலத்தன்மை இயற்கையாகவே துணை செய்கிறது: பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலின நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளராது. தோத்தாபுரிக் கூழ் அதற்கும் கீழேதான். ஆக, வெப்பநிலை, வெப்பத்தில் வைக்கும் நேரம், பையின் அடைப்பு, உலோகத் துகள் ஆகியவையே காவல் காக்க வேண்டிய நிலைகள். அனைத்தும் ஆலைச் சுவருக்குள் இருப்பவை, கருவியால் அளக்கக்கூடியவை, பதிவேட்டில் எழுதக்கூடியவை. மானியம் கொடுக்க இதைவிட வசதியான இடம் அரசுக்குக் கிடைக்காது.

அப்படியே கொடுத்தது. 2001இல் தொடங்கிய வேளாண் ஏற்றுமதி மண்டலத் திட்டத்தில் மாங்கூழுக்கும் காய்கறிக்கும் உரிய மண்டலமாகச் சித்தூர் அறிவிக்கப்பட்டது. பெருமளவு உணவுப் பூங்காக்களுக்கான திட்டம் 2008இல் வந்தபோது, நாட்டில் முதலில் இயங்கத் தொடங்கியவற்றுள் ஒன்று பங்காருபாளையம் அருகே மொகிலியில் அமைந்தது. இவற்றுக்கு இணையாக, அதிகக் கவனம் பெறாத ஒரு சிறு திட்டமும் நடந்துவந்தது. ஹாசப், ஐ.எஸ்.ஓ. 22000 போன்ற முறைகளை நிறுவும் உணவு ஆலைக்குச் செலவில் ஒரு பகுதியை மத்திய அமைச்சகம் திருப்பித் தரும். 2017இல் ‘கிசான் சம்பதா’ என்ற பெயரின் கீழ் பல திட்டங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது இதுவும் அதில் அடங்கியது. பொதுப் பகுதிகளில் செலவில் 50 விழுக்காடு, உச்சவரம்பு 17 இலட்சம் ரூபாய். வடகிழக்கு, மலை மாநிலங்கள் போன்ற கடினப் பகுதிகளில் 75 விழுக்காடு, உச்சவரம்பு 22 இலட்சம்.

இங்கே ‘திருப்பித் தரும்’ என்ற வினைதான் முக்கியம். 17 இலட்சம் முழுவதும் வேண்டுமானால் ஆலை முதலில் 34 இலட்சம் செலவழித்திருக்க வேண்டும், சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். ஆண்டில் மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் ஓடும் மாங்கூழ் ஆலை, பருவம் தொடங்கும்போது பழம் வாங்கவே வங்கியில் நிற்கும். அந்த நிலையில் முன்பணம் போடக்கூடியவர், ஏற்கெனவே ஏற்றுமதி ஒப்பந்தம் வைத்திருப்பவர்தான். எந்த அலுவலரின் தீய எண்ணமும் இதில் இல்லை. தரம் உயர்த்த விரும்புபவரைவிட, உயர்த்தி முடித்தவரையே இத்தகைய திட்டம் எளிதில் கண்டுகொள்ளும். இந்தக் குறையை ஓரளவு உணர்ந்து 2020 ஜூனில் குறுந்தொழில்களுக்கென்று 10,000 கோடி ரூபாயில் வந்த திட்டம், வங்கிக் கடனோடு இணைத்து 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 இலட்சம் என்று மானியத்தை அமைத்தது. ஊறுகாய்க்கும் மாந்தோல் வற்றலுக்கும் அது பயன்படும். காற்றுப்படாமல் கூழ் நிரப்பும் இயந்திரத்துக்கு அது போதாது.

இதற்கிடையே 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், பழைய கலப்படத் தடுப்புச் சட்டத்தையும் பழப் பொருள்கள் ஆணையையும் விழுங்கி, அதிகாரத்தைச் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள புதிய ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2011 ஆகஸ்டில் அதன் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் கண்காணிப்பது ஓர் அமைச்சகம், நிதி கொடுப்பது வேறோர் அமைச்சகம். கண்காணிப்பவரிடம் குறைகளின் பட்டியல் உண்டு, பணம் இல்லை. பணம் உள்ளவரிடம் விண்ணப்பங்களின் பட்டியல் மட்டுமே உண்டு. ஒரு காலத்தில் ஒரே அலுவலகத்தில் சந்தித்த இரண்டு பட்டியல்கள் இவை.

முதற்சொல் வழக்கொழிந்துவிட்டது என்று கருத முடியாது. 2024இல் திருமலை லட்டுக்கான நெய் குறித்து எழுந்த சர்ச்சையில், 1918ஆம் ஆண்டின் சொல்லான கலப்படமே நாடெங்கும் ஒலித்தது. நெய் மாதிரிகள் சோதனைக்குக் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வகத்துக்குச் சென்றன. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அமைத்த சிறப்பு விசாரணைக் குழுவில் சி.பி.ஐ., மாநிலக் காவல்துறை அதிகாரிகளோடு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி ஒருவரும் இடம்பெற்றார். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் பொருள். வரலாற்று மாணவருக்கு வேறொன்று தென்படும்: திருப்பதியில் வேளாண் கல்லூரியும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் இருக்க, மாதிரி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணித்தது.

மாங்கூழுக்குத் திரும்பினால், பாதுகாப்பு என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது தெளிவாகும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணம் காட்டி இந்திய மாம்பழத்தைத் தடுத்தது. 2015 ஜனவரியில் தடை நீங்கியது. கூழுக்கு இந்தச் சிக்கல் இல்லை, சூடு ஈயைக் கொன்றுவிடும். பூச்சிமருந்தின் எச்சம் அப்படியல்ல; ஆலையின் வெப்பத்தை நம்பி அதை விட்டுவிட முடியாது. குளோர்பைரிபாஸ் மருந்துக்கான வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. அந்த அளவைக் காக்கும் இடம் தோட்டம் ஒன்றே. நாசிக் திராட்சையில் இது நடந்தது. 2003இல் நெதர்லாந்தில் எச்சச் சிக்கல் எழுந்தபின் கண்காணிப்புத் திட்டம் வந்தது, 2006இல் ‘கிரேப்நெட்’ என்ற பதிவு முறை தோட்டம் தோட்டமாகச் சென்றது. திராட்சையில் விவசாயியின் கொத்தே கப்பலேறுகிறது, அதனால் அவர் பெயரும் ஏறியாக வேண்டும். தோத்தாபுரியோ ‘ரேம்பு’ எனப்படும் கொள்முதல் மேடைகளில் பல ஊர்ப் பழங்களோடு குவிந்து, தரகர் வழியாக ஆலைக்குப் போய், ஒரே தொட்டியில் கரைகிறது. டிரம்மின் மீதுள்ள எண் ஆலையின் எண். அதற்கு முன்னால் வழித்தடம் மங்கிவிடுகிறது.

பழத்தின் பெயரே இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இந்தியில் ‘தோத்தா’ என்றால் கிளி; தமிழில் கிளிமூக்கு. கிருஷ்ணகிரியில் பெங்களூரா, ஆந்திரத்தின் சில பகுதிகளில் கலெக்டர். ஊருக்கொரு பெயர் கொண்ட பழம் டிரம்முக்குள் சென்றதும், குறைந்தது 14 பிரிக்ஸ் இனிப்பு உள்ள கூழ் என்ற ஒற்றை விவரக்குறிப்பாகிவிடுகிறது.

2025 ஜூலை 31 அன்று மத்திய அமைச்சரவை ‘கிசான் சம்பதா’வுக்கு மேலும் 1,920 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 50 கதிர்வீச்சு நிலையங்களும் 100 உணவுப் பரிசோதனைக் கூடங்களும் அடக்கம். அதே ஜூலையில் சித்தூரில் வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தனர். அரசு அறிவித்த நான்கு ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டுமானால், எந்த விவசாயி எந்தத் தோட்டத்துப் பழத்தை எந்த ஆலைக்கு எவ்வளவு எடையில் கொடுத்தார் என்ற பதிவு வேண்டும். வெளிநாட்டுக் கொள்முதலாளரின் தணிக்கையாளர் ஆலையிடம் கேட்கும் பட்டியலும் ஏறக்குறைய அதுவேதான். விலை வீழ்ச்சியின் நெருக்கடியில், விலைக்காக, ஒரு பருவத்துக்கு மட்டும் அது எழுதப்பட்டது.