ஒரு பாடலின் மூன்று ஆறுகள்: பூபேன் ஹசாரிகாவை மீண்டும் கேட்டல்

அஸ்ஸாமியப் பாடகரும் பாடலாசிரியருமான பூபேன் ஹசாரிகா பிறந்தது 1926 செப்டம்பர் 8 அன்று, பிரம்மபுத்திரா சமவெளியின் கிழக்கெல்லையில் உள்ள சதியாவில். நூற்றாண்டை ஒட்டி, அவர் பாடல்களுள் எனக்கு மிக உவப்பான மூன்றை வரலாற்று மாணவனாக மீண்டும் கேட்டேன். அப்போது தோன்றியவற்றை இங்கே பதிகிறேன்.

முதலாவது, 'பிஸ்தீர்ண பாரரே'. தில்லியில் விடுதி மாணவனாக இருந்தபோது இதன் இந்தி வடிவத்தைத்தான் முதலில் கேட்டேன். கரையில் கோடிக்கணக்கானோர் துயருறும்போது நீ ஏன் வாளாவிருக்கிறாய் என்று அதில் கங்கையிடம் கேட்கப்படுகிறது. அதுவே மூலம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அஸ்ஸாமிய நண்பர் ஒருவர்தான் திருத்தினார்: 'இது எங்கள் லூயித்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி.' லூயித் என்பது பிரம்மபுத்திராவுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர். வங்க, இந்தி வடிவங்களில் அந்த ஆறு கங்கையாயிற்று. பாடலை நாடே அறிந்தது, லூயித் மறைந்தது. ஒரு வட்டாரத்தின் குரல் 'தேசிய'க் குரலாகும்போது முதலில் உதிர்வது அதன் இடப்பெயர்தானோ என்ற வருத்தம் எனக்கு இருந்தது.

ஆனால் வரலாறு இன்னும் ஓர் ஆற்றுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. ஹசாரிகா 1949-இல் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் நட்பு அவருக்கு வாய்த்தது. அமெரிக்க அரசு ராப்சனின் கடவுச்சீட்டை முடக்கியது அந்த ஆண்டுகளில்தான். மிசிசிப்பியைப் பற்றி ராப்சன் பாடிப் புகழ்பெற்ற 'ஓல் மேன் ரிவர்' பாடலே ஹசாரிகாவின் பாடலுக்குத் தூண்டுதல். அதுவோ 1927-இல் அரங்கேறிய 'ஷோ போட்' இசைநாடகத்துக்காக வெள்ளையர் இருவர் எழுதி இசையமைத்தது. அதில் ஒலித்த சலிப்பை ஏற்க மறுத்த ராப்சன், 1930-களின் இறுதியில் சொற்களை மாற்றிப் போராட்ட உணர்வோடு பாடினார். ஆக, நாம் தேடும் 'மூலமே' பாடகன் கைவைத்துத் திருத்திய ஒன்று. ஹசாரிகா மேலும் ஓர் அடி சென்றார். மிசிசிப்பிப் பாடலில் ஆறு எதையும் பொருட்படுத்தாமல் ஓடுகிறது. லூயித் பாடலில் அவ்வாறு ஓடுவதே குற்றமாகிறது.

இரண்டாவது, 'தோலா ஹே தோலா'. பல்லக்குத் தூக்கிகளின் பாடல். மெட்டே சுமப்போரின் நடையாக அமைந்திருக்கிறது. சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் அறத்தின் பயனோடு சேர்த்துப் பேசும் குறளையும் அதன் உரைகளையும் பயின்றவர்கள் நாம். ஹசாரிகாவின் பாடலில் வினைப்பயன் என்ற விளக்கமே இல்லை. மேலே பட்டு மினுங்குகிறது. கீழே வியர்வை வழிகிறது. சுமப்பவன் வீட்டில் மகனுக்கு உடுக்கத் துணியில்லை. தோள் சற்று வழுக்கினால் பல்லக்கு என்னாகும் என்ற எச்சரிக்கையும் பாடலுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது, 'ஹாராதன் ரங்மன் கதா'. 1960-இல் ஆட்சிமொழிச் சிக்கலை ஒட்டி அஸ்ஸாமில் அஸ்ஸாமியருக்கும் வங்காளியருக்கும் இடையே கலவரம் மூண்டது. அப்போது சில்ஹட்டில் பிறந்த வங்கப் பாடகர் ஹேமாங்க பிஸ்வாஸும் ஹசாரிகாவும் இணைந்து, ஓர் அஸ்ஸாமிய உழவனையும் ஒரு வங்க அகதியையும் பாத்திரங்களாக்கி, இரு மொழிகளிலும் பாடிச் சென்றனர். இங்கே எந்த மொழியும் மற்றொன்றுக்குள் கரையவில்லை. இரண்டும் அருகருகே நின்றன.

இந்த மூன்றாவது பாடல்தான் முதல் பாடலைப் பற்றிய என் வருத்தத்துக்கு விடை தந்தது. பாடல் ஆறு மாறிப் பயணிப்பது இழப்பன்று. பயணித்த தடம் அழிவதே இழப்பு. மிசிசிப்பி லூயித்தானதை ஹசாரிகா மறைக்கவில்லை. லூயித் கங்கையானதை மறப்பவர்கள் கேட்பவர்களாகிய நாம்தான். இனி வகுப்பறையில் கங்கைப் பாடலை ஒலிக்கவிடும் நண்பர்கள், அதற்கு முன் ஒருமுறை லூயித்தையும் ஒலிக்கவிடுங்கள். பொருள் விளங்காவிட்டாலும், கேள்வி எந்தக் கரையில் எழுந்தது என்பதாவது மாணவர்களுக்குத் தெரியட்டும்.